காலிக் கூண்டுகள்

கடைகளில் நாய்க்குட்டி விற்கக் கூடாதென்று சட்டம் வந்தாயிற்று. கழுவிக் கவிழ்த்த கூண்டுகள்மேல் அந்தி வெயில் கோடுகோடாகக் கிடக்கிறது. சாவிக்கொத்தும் கையுமாகக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குகிறார். உடனே உள்ளே ஒரு குட்டி முனகுகிறது. தனியே விட்டுப் போகாதே என்பதுபோல், இழுத்து இழுத்து. அவர் ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்புகிறார். "நம்ம கிளிதாங்க," என்கிறாள் கல்லாவைத் துடைக்கும் மனைவி. "கேட்டுக் கேட்டுப் பிடிச்சுக்கிச்சு." "தெரியும்டி." தெரிந்தும் அவர் கண் கூண்டு கூண்டாகத் தேடுகிறது. மூலையில் கிளி தலையைச் சாய்த்து அவரையே பார்க்கிறது. மறுபடி முனகுகிறது. பிறகு, சாவிக்கொத்தால் கம்பியைத் தட்டும் சத்தம். அவர் கையிலிருக்கும் சாவிகள் அசையவே இல்லை. அடுத்து, அச்சு அசலாக அவர் குரல்: "வாய மூடு, சனியனே!" மறுபடி ஒரு முனகல்; அது பாதியிலேயே சட்டென்று அடங்கிவிடுகிறது.