பாறைக்குப் பின்னால் எட்டடி

தாண்டிக்குடிக்கு மேலே இருந்த அந்தப் புல்வெளியை இமெல்டா முப்பது வருடம் கழித்துப் பார்த்தாள். பள்ளிச் சாரணியர் முகாம்களுக்கு இடம் தேடுவது அவள் வேலை. தண்ணீரும் நிழலும் அப்படியே இருந்தன. ஆனால் முகாமில் ஒவ்வொரு பிள்ளையும் எந்நேரமும் கேமரா வழியாகப் பெற்றோரின் போனில் தெரிய வேண்டும் என்பது விதி. ஓடையோரப் பாறைக்குப் பின்னால் எட்டடி இடம் மட்டும் எந்தக் கேமராவுக்கும் எட்டவில்லை.

பதினான்கு வயதில் முகாமுக்கு வந்தபோது அங்கே உட்கார்ந்துதான், அப்பா வீட்டை விட்டுப் போனதைத் தோழி நூர்ஜஹானிடம் சொல்லி அழுதாள். நூர்ஜஹான் தன் கழுத்து ஸ்கார்ஃபைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு இருவரும் முகம் கழுவிக்கொண்டு, கருகிய உப்புமா சாப்பிடப் போனார்கள்.

இமெல்டா அவளுக்கு போன் செய்தாள்.

"நம்ம பாறை அப்படியே இருக்குடி. பின்னால ஒரு கேமரா வெக்கணும், இல்லன்னா இங்க முகாம் கிடையாது."

"வெக்கப் போறியா?"

இமெல்டா போனை வைத்தாள். வழுக்கல் இருக்கிறதா என்று பாறையை இரண்டு முறை சுற்றி வந்தாள். பிறகு, 'முழு இடமும் பார்வையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தெரிந்தால் வேலை போய்விடும்.

மே மாதம் ஒரு தாய் அழைத்தாள்.

"மேடம், முகாம்ல என் பொண்ணு இருபது நிமிஷம் போன்ல தெரியவே இல்ல."

"இப்ப எப்படி இருக்கா?"

"அழுத முகமாத்தான் திரும்பி வந்தா. ஆனா ஆறு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டா." அந்தத் தாய் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வருஷமும் அங்கதானே மேடம்?"