நடுவில் நிற்கிறவன்

"இந்தக் காலத்துப் பொடியன்களுக்குக் காத்துப் பட்டாலே கால் முறியுது!" பக்கீர் மைதானத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "வெள்ளைக்கார நேவிக்காரன் இதே கடற்கரையில பந்தடிச்சவன். மூக்கால ரத்தம் வடிய வடிய ஓடினவன். இவன் என்னடாண்டா பனம்பழம் மாதிரிப் பொத்தெண்டு விழுறான்!"

சிவப்புச் சட்டை அணியின் நடு ஆட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "உம்மா!" என்று உருண்டான். றெபறி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனிடம் ஓடினான்.

"நொந்திருக்கும் காக்கா," என்றார் பக்கத்தில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த தொப்பிக்காரர்.

"நோவா? ஊதாம விட்டா அவனே எழும்பி ஓடுவான். நிறுத்த நிறுத்தத்தான் நடிப்புக் கூடுது. இந்த விசில்காரனைப் பெத்தவன் எந்த மடையனோ!"

தொப்பிக்காரருக்குப் புரையேறியது. இருமி முடித்து, "உண்மையா முறிஞ்சிருந்தா?" என்றார். "ஆட்டத்தை நாளைக்கும் ஆடலாம். காலை நாளைக்கு வாங்க ஏலுமா?"

"அதுக்காக எல்லாரிட்டயும் ஏமாறுறதா?"

"ஏமாறட்டுமே. நொந்தவனை நடிகன் எண்டு சொல்றதை விட அது நல்லம்."

"உங்களுக்கென்ன, கதைப்பீங்க! வயிறு எரியிறது எனக்கெல்லோ. நான் கிண்ணியாவில இருந்து தோணி ஏறி வந்தது பந்து பார்க்கவா? என்ட மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க. அந்தா உருளுறானே, அவன்தான் ஆள்!"

"அவனா? ஆர் சொன்னது?"

"எங்கட ஊர் ஸெய்னுதீன் மாஸ்டர். அவர் ஆயிரம் சொல்லட்டும், என்ட கண்ணால பார்க்காம ஆரையும் நம்பமாட்டன்."

மூத்தவள் றம்லாவுக்கு அப்படிப் பார்க்காமல்தான் முடித்துக்கொடுத்தார். அவள் காய்ச்சலில் முனகிக் கிடந்த நாளில், 'நடிக்காத, எழும்பு' என்று சொல்லிவிட்டு வலை இழுக்கப் போனான் அவள் புருஷன். இளையவள் ஜெஸீமாவுக்கும் அப்படியொருத்தன் வந்து வாய்த்துவிடக் கூடாது.

மைதானத்தில் கூச்சல் எழுந்தது. நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் பந்தோடு கோல் வாசலை நெருங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் மறுபடியும் அதே சிவப்புச் சட்டைக்காரன், "உம்மா!"

"ஊதாத! ஊதாதடா!" பக்கீர் எழும்பி நின்று கத்தினார்.

விசில் ஒலித்தது. றெபறி ஓடிவந்து மண்டியிட்டு, விழுந்தவனின் தலையில் தண்ணீர் ஊற்றினான். விழுந்தவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். பந்து தூரப் போய்விட்டதைப் பார்த்ததும் எழும்பி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளி ஓடினான். மைதானமே வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. றெபறியும் சிரித்தான்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? இந்தக் கூத்தாடிக்கு நான் வீடு கட்டிக் குடுத்து மகளையும் குடுக்கிறதா? மாஸ்டரின்ட முகத்துக்கு நேர கேட்டுப்போட்டுத்தான் மறுவேலை!"

தொப்பிக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "மாஸ்டர் என்ன சொன்னவர் காக்கா? ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க."

"'மாப்பிள்ளை நடுவர்' எண்டார். நடுவில நிண்டு ஆடுறவன் இவன்தானே?"

"அவர் தமிழ் மாஸ்டரெல்லோ! செந்தமிழில றெபறிக்குப் பேர்தான் நடுவர். அந்தக் கூத்தாடிக்குப் போன வருஷமே கலியாணம் முடிஞ்சு." தொப்பிக்காரர் கச்சான் சுருளை நீட்டினார். "விசில்காரனைப் பெத்த அந்த மடையன் நான்தான்."

பக்கீர் மைதானத்தைப் பார்த்தார். விசில்காரன் இன்னொருத்தனுக்கு முன்னால் மண்டியிட்டுக்கொண்டிருந்தான். அவர் சாரத்தை உதறிக் கட்டி, ஒரு பிடி கச்சானை அள்ளிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வீட்ட வாங்க சம்மந்தி," என்று சொல்லிவிட்டுத் தோணித்துறைப் பக்கம் நடந்தவர், திரும்பிப் பாராமலே கத்தினார்: "ஆனா, மருமகன் ஊதினது பிழைதான்!"