சிவப்புப் பென்சில்

“சுருளைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலையா முதலாளி?” என்று கேட்டான் நெட்டை. பக்கத்து மேசைக்காரன், ஆறு வருடமாக அவளோடு சேர்ந்து கட்டடம் வரைபவன்.

“வெளியில எழுதியிருந்த என் பேரைப் பார்த்தார். அதுவே போதுமாம்.” என்றாள் அவள். “ஆஸ்பத்திரி கட்டுறது லேசுப்பட்ட வேலையில்லையாம். நான் திரைச்சீலைக்கு நிறம் பார்த்தா போதுமாம். சிவப்புப் பென்சிலை ஆட்டி ஆட்டிச் சொல்றார். பிள்ளை பெறுற இடத்தை ஒரு பொம்பளை வரையக் கூடாதா? இவர் மட்டும் என்ன வானத்திலேர்ந்து குதிச்சாரா?”

மூன்று வாரம் முதுகொடிய வரைந்த பிரசவ ஆஸ்பத்திரி. யாருடைய வரைபடம் தேறுகிறதோ அவருக்குத்தான் அந்த வேலையின் தலைமைப் பொறுப்பு. சுருளைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு எழுந்து போனாள்.

அது திங்கட்கிழமை.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா வந்திருந்தார். நெட்டை ஒரு தாளை மேசைமேல் விரித்தான். வார்டுகளுக்கு நடுவே முற்றம், சக்கர நாற்காலி திரும்ப இடம் விட்ட சாய்தளம், ஒவ்வொரு கோடும் அவளுடையது.

“ஆம்பளை மூளைன்னா இதுதான்” என்று பூரித்துப்போன முதலாளி, அந்தத் தாளிலேயே கையெழுத்தும் போட்டார். “இனி இந்த வேலைக்கு நீதாம்ப்பா தலைமை.”

கூட இருந்தே குழி பறித்துவிட்டானே பாவி.

“சார், அது நான் வரைஞ்சது” என்று எழுந்து நின்றாள்.

“பொறாமைப்படாதேம்மா. நீ வரைஞ்சதைப் பார்த்து வேண்டாம்னு சொல்லி மூணு நாளாச்சு.”

“நல்லாப் பார்த்தீங்களா சார்?” என்றான் நெட்டை.

“கோடு கோடாப் பார்த்தேன். ஒண்ணும் தேறாது.”

“டாக்டரம்மா, அந்தத் தாளைக் கொஞ்சம் திருப்புங்க.”

அவர் திருப்பினார். பின்பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அதன் கீழே சிவப்புப் பென்சிலில், ‘பெண்ணுக்கு எட்டாத வேலை. நிராகரிக்கிறேன்.’ அதற்கும் கீழே, முன்பக்கத்தில் இன்னும் மை காயாமல் இருந்த அதே கையெழுத்து.