வராதோர் ஏடு

பழைய கல்லரங்கின் ஐம்பத்தைந்தாம் படியில் அமர்ந்திருந்த தேக்லா பேனாவின் மூடியைக் கழற்றினாள்; மறுபடியும் மூடினாள்.

இது ஆறாவது தடவை.

மடியில் வராதோர் ஏடு விரிந்து கிடந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவரே அதை வைத்திருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து நியதி. மூன்று ஆண்டுகளாக அது அவள் கையைவிட்டுப் போனதில்லை. வந்தவர்களுக்காக அதில் எதுவும் எழுத வேண்டாம். வராதவர் பெயரை எழுதினால் போதும்.

ஆகவே, பொய் சொல்வதற்குப் பேனாவைத் திறக்கக்கூடத் தேவையில்லை.

விடியற்காலையில் வகுப்புத் தோழன் ஸ்த்ராத்திஸ் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். பத்து நாள் சூறைக்காற்றுக்குப் பின் கடல் இன்றுதான் அடங்கியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்த அவன் தந்தை படுக்கையில் கிடந்தார். படகுக்கு வேறு ஆள் இல்லை.

"வலை பத்து நாளா தண்ணியில கெடக்கு, தேக்லா. இன்னைக்கும் எடுக்கலன்னா வெறும் கயிறுதான் மிஞ்சும். நீ எழுத வேண்டியத எழுதிடு. எனக்காகப் பாவத்தத் தலையில ஏத்திக்காத."

அவன் கெஞ்சியிருந்தால் கோபித்துக்கொண்டாவது எழுதியிருப்பாள்.

அவன் வராத பாட மணிகள் ஏற்கெனவே நூற்றுப்பத்து ஆகியிருந்தன. நூற்றுப்பதினான்கைத் தாண்டினால் பொதுத்தேர்வு எழுத முடியாது. அடுத்த ஆண்டும் இதே வகுப்பில் உட்கார வேண்டும். இன்றைய பள்ளிச் சுற்றுலாவுக்கு வராவிட்டால் இன்னும் ஆறு மணி கூடும்.

உட்கார மாட்டான். படகிலேயே தங்கிவிடுவான். கரையில் அப்படித் தங்கிப்போனவர்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அவள் எழுந்தாள். இரண்டு படி இறங்கினாள். மீண்டும் ஏறி வந்து உட்கார்ந்தாள். வெயில் ஏறிய கல் சுட்டது.

கீழே, வட்ட அரங்கின் நடுக்கல்லில் நின்ற வழிகாட்டிப் பெண் ஒருத்தி, வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஒரு தாளைக் கிழித்துக் காட்டினாள். அந்தச் சிற்றோசை இரண்டாயிரம் ஆண்டுக்கும் மூத்த படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வந்து தேக்லாவின் செவியில் முடிந்தது.

அவள் ஏட்டை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பயணிகள் விலகியதும் நடுக்கல்லுக்கு அனெஸ்திஸ் ஐயா வந்தார். பழங்கிரேக்கம் கற்பிக்கும் ஆசிரியர். ஆண்டுதோறும் மாணவர்களை உச்சிப் படிக்கு அனுப்பிவிட்டு, கையில் ஏடின்றி, குரலை உயர்த்தாமல், அங்கிருந்தே பெயர் அழைப்பது அவர் வழக்கம். காய்ச்சலில் கிடந்த சொந்த மகளையே வரவில்லை என்று எழுதவைத்தவர்.

இன்று பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்தவர், வந்து சேரும்வரை ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த மனுசன் செத்தாக்கூட, சவப்பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டு யார் யார் வந்திருக்காங்கன்னு பேர் கூப்பிடுவாரு," என்று பக்கத்தில் இருந்த லாம்ப்ரோஸ் பல்லுக்குள் முனகினான்.

"உன் பேரத்தான் முதல்ல கூப்பிடுவேன், லாம்ப்ரோஸ். வராம இருந்துடாத," என்றார் ஐயா, கீழிருந்து.

லாம்ப்ரோஸின் முகம் செத்துவிட்டது. ஸ்த்ராத்திஸின் குரலில் தானே பதில் கொடுத்துவிடுவதாகப் பேருந்தில் அளந்தவன் அவன்தான். முனகலைக்கூடக் கீழே கொண்டு சேர்க்கும் இந்தக் கற்களிடம் அந்தச் சரக்கு விலைபோகாது.

பெயர்கள் தொடங்கின.

"உள்ளேன் ஐயா."

"உள்ளேன் ஐயா."

ஒவ்வொரு பெயருக்கும் தேக்லாவின் வலக்கால் தானாக ஆடியது. அகரவரிசை இவ்வளவு விரைவாக ஓடும் என்று அவள் எண்ணியதில்லை.

"ஸ்த்ராத்திஸ் மெலாஸ்."

மேற்படியில் இருபத்தாறு பேரும் மூச்சை நிறுத்தினார்கள். பின்னால் பைன் மரங்களில் காற்று ஒருமுறை இரைந்து ஓய்ந்தது.

தேக்லா பேனாவைத் திறந்தாள். எழுதினால் அவன் போனான். எழுதாமல் விட்டால், மூன்று ஆண்டுகளாக எழுதியதெல்லாம் யாருடைய மெய்?

முனை தாளைத் தொட்டது.

கீழே ஐயா தலையைக் குனிந்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊர்க் கோயிலில் தேவதாயின் துதியை நின்று பாடும் அவருடைய அதே குரல், வேண்டுதலைப் போலத் தாழ்ந்து, ஐம்பத்தைந்து படிகளையும் ஏறி வந்தது.

"உள்ளேன் ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. லாம்ப்ரோஸும் சிரிக்கவில்லை.

முப்பது ஆண்டுகளாக அந்தக் கல்லில் நின்றவருக்கு, அங்கே எவ்வளவு மெல்லச் சொன்னாலும் மேலே கேட்கும் என்பது தெரியாதா?

தாளில் ஒரு மைப்புள்ளி ஊறிப் பரந்தது. அது எழுத்தாகவில்லை.

"தேக்லா மிஹாலு."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து பேனாவை மூடினாள்.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் நெடுநேரம் துடைத்தார், மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா தேக்லா, வந்திருக்கியா, இல்லையா? இல்லைன்னா எழுதிக்கோ."