ஈரமேறிய போர்வை

பாபடோயிட்டோ என்ற புறநகரில் அந்த வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஜன்னல் உயரத்துக்குக் கரும்பூஞ்சை ஏறியிருக்கிறது. மதிய வெளிச்சத்தில் சுவர் ஈரமாக மின்னுகிறது. கட்டிலில் குழந்தை இழுத்து இழுத்து இருமுகிறது. பர்மாவிலிருந்து தப்பி, மலேசியாவில் ஒளிந்து வாழ்ந்து, போன வருடம் இங்கே குடியமர்த்தப்பட்ட ரொகேயா, புகாரைப் பார்க்க வந்திருக்கும் வீட்டு ஏஜெண்டையே பார்க்கிறாள். அவளுடைய மலாய்ப் பேச்சை மொழிபெயர்க்க வந்த சுபாஷினியிடம் அவன் சிரித்தபடி சொல்கிறான்: "அகதி முகாமுக்கு இது எவ்வளவோ தேவலை. நன்றியோட இருக்கச் சொல்லுங்க." சுபாஷினிக்கு முகம் கொதிக்கிறது. "என்ன சொல்றார், அக்கா? மறைக்காம சொல்லுங்க" என்கிறாள் ரொகேயா. சுபாஷினி சொல்லிவிடுகிறாள். ரொகேயா குழந்தைக்கு விரித்திருந்த ஈரமேறிய போர்வையை உருவி ஏஜெண்டின் கையில் திணிக்கிறாள். "இன்னிக்கு இவர் பிள்ளையை இதுல படுக்க வைக்கச் சொல்லுங்க." சுபாஷினி ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்கிறாள். போர்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் நிற்கிறான்.