ஐந்தாம் கேள்விக்கான விடை

எந்தத் தமிழன் எழுதிய இங்கிலீஷ் இது என்று மார்த்தாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

வந்திருப்பதோ சீனாவிலிருந்து. குன்மிங்கில் ஒரு பதிப்பகம், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கில வாசிப்புப் பயிற்சி நூல் போடுகிறது. ஒரு பக்கக் கதை, கீழே ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். யாங்கோனில், தாமுவேயின் மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்து அவற்றில் பிழை பார்த்து அனுப்புவது மார்த்தாவின் வேலை. எழுதுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

இன்றைய கதை பதினேழாம் எண்ணுடையது. ஒரு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் அனுப்பியாக வேண்டும்.

பிழை பார்க்க உட்கார்ந்தால் மார்த்தா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் பழுப்பு அட்டை போட்ட பழைய டிக்‌ஷனரியைப் புரட்டுவாள். ஃபோனில் தட்டினால் நொடியில் வந்துவிடுமே என்று கேலி செய்து மகள் ஜெசி ஓய்ந்துவிட்டாள். அந்த டிக்‌ஷனரியை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. அட்டையின் உள்மடிப்பை முதல் பக்கத்தோடு சேர்த்துப் பசை வைத்து ஒட்டியிருந்தாள் மார்த்தா.

கதையில் இரண்டு சிறுமிகள், லில்லியும் ஏமியும். இந்தப் பெயர்களை விட்டால் இந்தக் கதைகளை எழுதுகிறவர்களுக்கு வேறு பெயரே அகப்படாது. ஆற்றங்கரை நகரம் ஒன்றில், ஒரே மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். ஆவி பறக்கும், உள்ளே கறி வைத்த பௌசி ரொட்டியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்கிறார்கள். கறி அதிகமாக இருக்கும் பாதி எப்போதும் ஏமிக்கு.

ஒருநாள் ஏமியின் குடும்பம் சாமான்களைச் சைக்கா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு பேட்டைக்குக் குடிபோகிறது. வண்டியிலிருந்து கையசைத்து ஏமி சொல்கிறாள்: 'ஐ கோ அண்ட் கம்.'

போயிட்டு வர்றேன் என்பதை அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைக்க ஒரு தமிழ் வாயால்தான் முடியும். அதை அடித்துவிட்டு 'குட்பை' என்று போடுவதற்கு மார்த்தாவின் விரல் விசைக்குப் போனது.

போன விரல் அங்கேயே நின்றுவிட்டது.

'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால், மார்த்தாவின் அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாள். அந்தப் பழக்கம் சிறு வயதில் மார்த்தாவின் இங்கிலீஷிலும் தொற்றிக்கொண்டது. அப்போது குடியிருந்த லத்தா பேட்டையில், பக்கத்து வீட்டுச் சீனப் பெண் சூ லான் அதை அசல் இங்கிலீஷ் என்று நம்பி, டீச்சரிடமே போய்ச் சொல்லிவைத்தாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகும் விடவில்லை. தினமும் மாலையில் படியில் பிரியும்போது இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது. பௌசியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளை யார் நக்குவது என்று போட்ட சண்டைகூட நினைவுக்கு வந்தது. அந்தப் படியில் இன்னும் ஒரே ஒரு மாலை உட்காரக் கிடைத்தால் போதும் என்று இருந்தது மார்த்தாவுக்கு.

கதை இன்னும் நான்கு வரி இருந்தது. லில்லி ஞாயிற்றுக்கிழமைதோறும் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள். இரண்டு மழைக்காலம் போகிறது. பிறகு அவளுடைய குடும்பமும் நாட்டை விட்டுப் போய்விடுகிறது.

லத்தாவிலிருந்து தாமுவே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

ஐந்தாம் கேள்வி: ஏமி ஏன் திரும்பி வரவில்லை?

அ. மறந்துவிட்டாள். ஆ. தொலைவு அதிகம். இ. நோயில் விழுந்தாள். ஈ. கதையில் சொல்லப்படவில்லை.

சரியான விடை 'ஈ' என்று பதினேழாம் எண் குறித்திருந்தது.

மறந்துவிட்டாள் என்று குறித்திருந்தால்கூட மார்த்தா தாங்கியிருப்பாள்.

"என்னம்மா, தப்பு ஏதும் இருக்கா?" என்று ஜெசி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"இருக்கு. எழுதினவ மேல இல்ல."

மார்த்தா டிக்‌ஷனரியை இழுத்து, ஒட்டியிருந்த உள்மடிப்பை நகத்தால் கிளப்பினாள். பசை காய்ந்து கிடந்ததால் சுலபமாக வந்துவிட்டது. முதல் பக்கத்தில் நீல மையில் சீன எழுத்துகள், அவற்றின் கீழே பர்மிய எழுத்தில் சூ லான்.

இரண்டே நாளில் தந்துவிடுகிறேன் என்று வாங்கியது. குடிபோன அன்று சைக்காவில் மார்த்தாவின் மடியில்தான் இருந்தது. பரீட்சை முடியட்டும் என்று ஒரு மாதம் வைத்துக்கொண்டாள். அந்தப் பரீட்சையைச் சூ லானும் எழுதியாக வேண்டும் என்பது தெரிந்தேதான் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு, எந்த முகத்தோடு அந்தப் படியேறுவது என்றே வருஷங்கள் போய்விட்டன.

கதையில் லில்லி அந்த டிக்‌ஷனரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

ஒரு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

'ஐ கோ அண்ட் கம்' என்பதற்கு நேராகப் பிழை இல்லை என்று மார்த்தா குறித்தாள். ஐந்தாம் கேள்விக்கு எதிரே, எழுதியவருக்குக் குறிப்பு வைக்கும் கட்டத்தில், ஆங்கிலத்தில் தட்டினாள்: டிக்‌ஷனரி என்னிடம்தான் இருக்கிறது. எஸ் எழுத்தில் நான்கு பக்கம் மட்டும் உதிர்ந்துவிட்டது. முகவரி அனுப்பு.

கீழே பெயர் போடவில்லை. 'ஐ கம்' என்று மட்டும் எழுதினாள்.

அது பிழையான இங்கிலீஷ். திருத்தாமல் அனுப்பினாள்.