அண்ணனின் கணினி

அண்ணன் உயிரோடிருந்தவரை தங்கையைத் தன் கணினியின் பக்கமே அண்டவிட்டதில்லை. அவன் இறந்த பிறகுதான் அது அவள் மேசைக்கு வந்தது. புதிதாகக் கிடைத்த வேலைக்கு, அந்தக் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டிக்காட்ட வேண்டும். அதற்காக, கணினி எழும்போதே அதன் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குப் போய், விர்ச்சுவலைசேஷன் என்ற வரியை 'ஆன்' செய்து சேமித்தாள். கணினி அணைந்து எழுந்தபோது அது மறுபடியும் 'ஆஃப்' ஆகியிருந்தது.

அந்த அமைப்புகளை மறக்காமல் வைத்திருக்கும் உள் பேட்டரியை மாற்றினாள். பயாஸையே புதுப்பித்தாள். பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

"நாளைக்குள்ள முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா" என்று மேலாளர் போனில் சொல்லிவிட்டார். அவள் சாப்பிடாமலே படுத்தாள்.

காலையில் பார்த்தால் அந்த வரி 'ஆன்' என்று நின்றது. உள்ளே இன்னொரு கணினி சமர்த்தாக ஓடியது.

"அம்மா, சரியாயிடுச்சு!"

அம்மா துணி மடித்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "ஆகாம என்ன? உங்கண்ணன்கிட்ட நான்தான் கெஞ்சினேன். அவளுக்கு எதுக்கு வேலையும் கீலையும்னு திட்டினான். கடைசியில, இன்னைக்கு ஒருநாள் மட்டும்னு விட்டுக்குடுத்தான்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவசரமாக வேலையைத் தொடங்கினாள். இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும்.